சீலியாக் நோய்ப் பரிசோதனை: கோதுமையை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை, வரிசையாக

சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகம் வந்த வீட்டில் முதலில் நடப்பது, கோதுமை மாவு டப்பாவைத் தூக்கி ஓரமாக வைப்பது. பரிசோதனை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. வரிசை தலைகீழாகிவிடுகிறது. சீலியாக் என்பது, கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும் நோய். ரத்தப் பரிசோதனையும் சரி, குடலிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் சரி, அந்தக் குளூட்டனால் உடலில் ஏற்பட்ட விளைவைத்தான் தேடுகின்றன. குளூட்டனை நிறுத்தி நாளாகிவிட்டால் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நோய் இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வரும்.

குடல் நோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். பத்தியத்தைத் தொடங்கிவிட்டுப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் படும் பாட்டை அடிக்கடி பார்க்கிறேன். இந்த வழிகாட்டி மருத்துவரின் இடத்தை நிரப்பாது. அவரிடம் போகும்போது என்ன கேட்பது, எதை எதற்கு முன் செய்வது என்பது மட்டும் இதில் இருக்கிறது.

1. உங்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையா?

நாள்பட்ட வயிற்றுப்போக்கு, உப்புசம், எடை குறைதல் என்று வருபவர்களைப் பார்த்தால் மருத்துவருக்கே சீலியாக் தோன்றிவிடும். வயிற்றுத் தொந்தரவே இல்லாதவர்கள்தான் தவறிப்போகிறார்கள்.

மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண். வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளை. பூப்படையத் தாமதமாகும் சிறுமி. இளம் வயதிலேயே எலும்பு அடர்த்தி குறைந்தவர். காரணம் தெரியாமல் கல்லீரல் என்சைம் கூடியவர். ஓயாத வாய்ப்புண், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு. இவர்களுக்கெல்லாம் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரும்புச்சத்து பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. சீலியாக் அதிகம் தாக்குவதும் அந்த இடத்தைத்தான். அதனால் ரத்தசோகை ஒன்றே ஒரே அடையாளமாக இருக்கலாம்.

அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டியவர்கள் உண்டு: சீலியாக் உறுதியானவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், டைப் 1 சர்க்கரை நோய், தன்னுடல் தாக்கு தைராய்டு நோய் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள்.

முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தாங்க முடியாத அரிப்போடு சிறு கொப்புளங்கள் வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். அது டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற, சீலியாக்கின் தோல் வடிவமாக இருக்கலாம். அதற்குக் கொப்புளத்தை ஒட்டியுள்ள நல்ல தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து, இம்யூனோஃபுளோரசன்ஸ் முறையில் ஐஜிஏ என்ற ஆண்டிபாடியின் (உடலின் எதிர்ப்புப் புரதம்) படிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொப்புளத்தின் மேலேயே எடுத்தால் படிவு தெரியாமல் போகலாம்.

“இது வடக்கே வர்ற வியாதி, நமக்கு எதுக்கு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். சீலியாக் ஆண்டிபாடி வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கு. ஆனால் நோய்க்கு அடிப்படையான மரபணு வடக்கில் 38.1 சதவீதம், தெற்கில் 36.4 சதவீதம், ஏறக்குறைய சமம். பெரிய வித்தியாசம் சாப்பாட்டில் இருந்தது: ஒரு நாளைக்குச் சராசரியாக வடக்கில் 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். மரபணு நம்மிடமும் இருக்கிறது. இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிவிட்ட வீடுகளில் இந்த நோயை நினைக்காமல் விடக் கூடாது என்பது என் கருத்து. வட மாநிலங்களிலும் வெளிநாட்டிலும் வேலைக்குப் போய் ரொட்டிக்குப் பழகியவர்களுக்கும் இது பொருந்தும்.

2. கோதுமையை நிறுத்தாதீர்கள், குறைவாகச் சாப்பிடுபவர்கள் முதலில் கூட்டுங்கள்

இந்த அடியில் சறுக்கினால் பின்னால் வரும் எதுவும் உதவாது.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதல் தெளிவானது: பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும், ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டிருக்க வேண்டும். ரொட்டி தின்னும் நாட்டில் இது தானாகவே நடந்துவிடும். நம் வீட்டில் நடக்காது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று சாப்பிடுபவர், தான் எதையும் நிறுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டே பரிசோதனைக்குப் போகிறார். அவர் உடலில் அந்த வாரம் குளூட்டனே போயிருக்காது. அரிசி, உளுந்து, ராகி, கம்பு, சோளம், தினை எதிலும் அது கிடையாது.

அதனால் ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரச் சாப்பாட்டை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்கில் சேர்பவை: சப்பாத்தி, பூரி, பரோட்டா, வெள்ளை ரவை, கோதுமை ரவை, சேமியா, பிரெட், பன், நூடுல்ஸ், பார்லிக் கஞ்சி, கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்ந்த சத்து பானங்கள். ராகி மால்ட் என்று விற்பதில் பெயர்தான் மால்ட்; வெறும் ராகியாக இருந்தால் அது கணக்கில் சேராது. டீயோடு தொட்டுக்கொள்ளும் இரண்டு பிஸ்கட்டும் போதாது.

ஒரு நடுத்தர அளவுச் சப்பாத்தியிலோ ஒரு துண்டு பிரெட்டிலோ ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் இரண்டு வேளையாகப் பிரித்து இரண்டு சப்பாத்தி, அல்லது ஒரு வேளை ரவை உப்புமாவும் இன்னொரு வேளை பிரெட்டும் என்று 6 வாரம் சாப்பிட்டால் போதும். சாப்பிட்டால் உடம்பு படுத்துகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எழுதிய தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்தால், அதை எந்த அளவு நம்பலாம் என்பதை மருத்துவர் அந்தத் தாளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

3. முதல் ரத்தப் பரிசோதனை: இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்

முதலில் எடுக்க வேண்டியது டிடிஜி ஐஜிஏ. டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்பது நம் உடலில் இயல்பாக உள்ள ஒரு என்சைம். சீலியாக்கில் உடல் அதற்கு எதிராகவே ஆண்டிபாடி உண்டாக்குகிறது. அந்த ஆண்டிபாடியின் ஐஜிஏ வகையைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது.

கூடவே எடுக்க வேண்டியது மொத்த ஐஜிஏ அளவு. பலர் சீட்டில் இது விடுபட்டிருக்கும். சிலர் உடலில் பிறவியிலேயே ஐஜிஏ மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. பொதுமக்களைவிடச் சீலியாக் நோயாளிகளிடம் இது கூடுதல். 100 பேரில் 2, 3 பேருக்கு இருக்கும். ஐஜிஏவே இல்லாதவரிடம் ஐஜிஏ வகை ஆண்டிபாடியைத் தேடினால் கிடைக்காது. ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரும், நோய் உள்ளே இருக்கும்.

மொத்த ஐஜிஏ மிகக் குறைவாக வந்தால், அதாவது 3 வயதைத் தாண்டியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தால், ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆண்டிபாடியைத் தேடும் பரிசோதனைக்கு மாற வேண்டும். டிஜிபி ஐஜிஜி (குளூட்டன் துணுக்குக்கு எதிரான ஆண்டிபாடி), டிடிஜி ஐஜிஜி என்று லேபில் கேட்கலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் டிடிஜி ஐஜிஏதான் முதல் பரிசோதனை. மருத்துவர் தேவைப்பட்டால் டிஜிபியையும் சேர்ப்பார்.

வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, காலையில் சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம். ஸ்டீராய்டோ, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் வேறு மருந்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள். அவை ஆண்டிபாடி அளவை இறக்கிவிடக்கூடும்.

பணத்தை வீணாக்கும் பரிசோதனைகளும் இருக்கின்றன. பழைய ஆண்டிகிளியடின் பரிசோதனை பிழை அதிகம் என்பதால் கைவிடப்பட்டது. நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ‘ஒவ்வாமை’ பார்ப்பதாகச் சொல்லும் ஐஜிஜி தொகுப்புகளுக்கும் சீலியாக்குக்கும் சம்பந்தமில்லை. கோதுமை அலர்ஜிக்கான ஐஜிஈ பரிசோதனை வேறொரு நோயைப் பார்க்கிறது. அது நெகட்டிவ் என்றால் சீலியாக் இல்லை என்று ஆகாது. விரலில் குத்தி வீட்டிலேயே பார்க்கும் கிட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

4. ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்காதீர்கள், எத்தனை மடங்கு என்று பாருங்கள்

“எனக்கு 60, என் தங்கச்சிக்கு 45, அப்ப எனக்குத்தானே அதிகம்?” என்று ஒருவர் கேட்டார். அவர் லேபில் இயல்பின் உச்ச வரம்பு 20. தங்கை எடுத்த லேபில் 4. அவருக்கு 3 மடங்கு, தங்கைக்கு 11 மடங்குக்கு மேல். ஒவ்வொரு கிட்டுக்கும் அலகும் வரம்பும் வேறு. ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் வரம்பைத் தேடி, உங்கள் எண்ணை அதனால் வகுத்து, வந்ததைப் பக்கத்திலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் மருத்துவர் எடுக்கும் பல முடிவுகள் அந்த மடங்கை வைத்துத்தான்.

வரம்புக்குக் கீழே இருந்து, மொத்த ஐஜிஏவும் இயல்பாக இருந்து, கோதுமையும் போதுமான அளவு சாப்பிட்டிருந்தால் சீலியாக் இருக்கும் வாய்ப்பு குறைவு. குறைவுதான், பூஜ்யம் இல்லை. அறிகுறிகள் பலமாக இருந்தால் மருத்துவர் நேராக பயாப்சிக்கே அனுப்பலாம். அப்போது “ரத்தத்துலதான் ஒண்ணும் இல்லையே” என்று மறுக்காதீர்கள்.

ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இருந்தால் அவசரப்பட வேண்டாம். டைப் 1 சர்க்கரை நோய், கல்லீரல் நோய், சில தொற்றுகள் ஆகியவற்றில் டிடிஜி கொஞ்சம் ஏறிவிட்டுத் தானே இறங்குவதுண்டு. மருத்துவர் மறுபடி எடுக்கச் சொல்வார், அல்லது ஈஎம்ஏ (எண்டோமைசியல் ஆண்டிபாடி) என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையைச் சேர்ப்பார். ஈஎம்ஏவை ஒருவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்; அனுபவமுள்ள லேபில் எடுத்தால் தவறாக பாசிட்டிவ் வருவது அரிது.

எத்தனை மடங்கு வந்தாலும் சரி, இந்தக் கட்டத்தில் பத்தியத்தைத் தொடங்கக் கூடாது. ரத்த ரிப்போர்ட் வந்த அன்றே கோதுமையை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து எண்டோஸ்கோப்பிக்கு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதற்குள் குடல் ஆறத் தொடங்கியிருக்கும். பயாப்சி இரண்டும் கெட்டான் நிலையில் வரும்.

5. எண்டோஸ்கோப்பி: போவதற்கு முன் பேச வேண்டியது

டிடிஜி பாசிட்டிவ் ஆன பெரியவர்களுக்கு அடுத்த படி எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடல் பயாப்சி. சிறுகுடலின் உட்புறம் பூந்துவாலையின் இழைகளைப் போன்ற குடலுறிஞ்சிகளால் ஆனது. சீலியாக்கில் அவை தேய்ந்து தட்டையாகின்றன. அதை நேரில் பார்க்கும் வழி இதுதான்.

எண்டோஸ்கோப்பி செய்பவரிடம் இது சீலியாக்குக்காக என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சீட்டிலும் இருக்கிறதா பாருங்கள். அல்சர் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் இரைப்பையோடு வேலை முடிந்துவிடும், முன்சிறுகுடலில் சதையே எடுக்க மாட்டார்கள். “போன வருஷமே எண்டோஸ்கோப்பி பண்ணியாச்சு, நார்மல்” என்று சொல்பவர்களின் பழைய ரிப்போர்ட்டைப் பிரித்தால் பல நேரம் இப்படித்தான் இருக்கிறது. கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்தாலும் சதை எடுக்கத்தான் வேண்டும். தேய்மானம் மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரியும் ஆட்கள் உண்டு.

எத்தனை துண்டு என்பது முக்கியம். முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது 4, அதற்கு முந்தைய குமிழ்ப் பகுதியில் 1 அல்லது 2. சேதம் ஓரிடத்தில் இருந்து பக்கத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குக் குமிழில் மட்டும் இருக்கும். ஒரே ஒரு துண்டு எடுத்து அது நல்ல இடமாக அமைந்துவிட்டால் நோய் தப்பிவிடும். “எத்தனை பீஸ் எடுப்பீங்க டாக்டர்?” என்று கேட்பதில் தவறே இல்லை.

துண்டு ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவுதான். அதை எடுத்தவுடன் ஃபார்மலினில் போட்டால் சுருண்டுகொள்ளும். சுருண்டதைச் சாய்வாக வெட்டினால் நல்ல குடலுறிஞ்சிகூடக் குட்டையாகத் தெரியும். அதனால்தான் சில இடங்களில் துண்டைச் சிறு ஃபில்டர் பேப்பரில் விரித்து வைத்து, பிறகு குப்பியில் போடுகிறார்கள். பேத்தாலஜி சீட்டில் டிடிஜி மதிப்பும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். வெறுமனே ‘ரத்தசோகை’ என்று போனால் பேத்தாலஜிஸ்ட் எதைத் தேடுவது என்று தெரியாமல் பார்ப்பார்.

மற்றவை சுலபம். 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. மயக்க மருந்து கொடுத்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். சதை எடுக்கும்போது வலி தெரியாது.

6. பயாப்சி ரிப்போர்ட்டில் ‘மார்ஷ்’ என்று இருந்தால்

மார்ஷ் என்பது சேதத்தை வரிசைப்படுத்தும் அளவுகோல். 0 என்றால் இயல்பு. 1 என்றால் குடல் மேற்பரப்புச் செல்களுக்கு நடுவே லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றன. 100 செல்லுக்கு 25க்கு மேல் என்பது பொதுவான கணக்கு. 2இல் குடலுறிஞ்சிகளுக்கு அடியில் உள்ள குழிகளும் நீண்டிருக்கும். 3இல் குடலுறிஞ்சிகளே தேய்ந்திருக்கும்: 3ஏ ஓரளவு, 3பி பெரும்பாலும், 3சி முற்றிலும்.

ரத்தம் பாசிட்டிவ், பயாப்சியில் மார்ஷ் 3 என்றால் நோய் உறுதி. மார்ஷ் 1ஐ மட்டும் வைத்து யாருக்கும் சீலியாக் என்று முத்திரை குத்தக் கூடாது. ஹெலிகோபேக்டர் பைலோரி தொற்று, வலி மாத்திரைகள், குடல் தொற்று எல்லாமே அந்தத் தோற்றத்தைத் தரும்.

துண்டை மெழுகில் பதித்த பயாப்சி பிளாக்கையும் ஸ்லைடையும் மருத்துவமனை பத்திரப்படுத்தும். சந்தேகம் இருந்தால் அவற்றையே வாங்கி வேறொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டலாம். மறுபடி குழாய் விட வேண்டியதில்லை.

7. குழந்தைகளுக்கு பயாப்சி தவிர்க்கப்படும் இடம்

ஐரோப்பியக் குழந்தைகள் குடல் நோய் அமைப்பான எஸ்ப்கான் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, டிடிஜி ஐஜிஏ உச்ச வரம்பைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு நாளில் எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏவும் பாசிட்டிவ் ஆனால், பெற்றோரோடு பேசி முடிவெடுத்து, பயாப்சி இல்லாமலே நோயை உறுதிப்படுத்தலாம். மரபணுப் பரிசோதனை இதற்குக் கட்டாயமில்லை.

இங்கே இரண்டாவது ரத்த மாதிரியை விட்டுவிடுகிறார்கள். முதல் குழாய் மாறியிருக்கலாம், லேபில் தவறு நடந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பத்தியம் சொல்லப் போகும் குழந்தைக்கு இன்னொரு ஊசி பெரிதில்லை. 10 மடங்குக்குக் கீழே இருந்தால் குழந்தைக்கும் பயாப்சிதான்.

பெரியவர்களுக்கு இன்னும் பயாப்சிதான் பொது வழக்கம். எண்டோஸ்கோப்பி செய்ய முடியாதவர்களுக்கும் மறுப்பவர்களுக்கும் இதே இரட்டை அளவுகோலை வைத்துச் சீலியாக்காக இருக்க மிகுந்த வாய்ப்பு என்று முடிவெடுக்க அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் அமைப்பான ஏசிஜியின் 2023 வழிகாட்டுதல் இடம் தருகிறது.

8. ரத்தமும் பயாப்சியும் ஒத்துப்போகாதபோது

ரத்தம் பாசிட்டிவ், பயாப்சி இயல்பு: இதைப் பொடென்ஷியல் சீலியாக் என்பார்கள். முதலில் எத்தனை துண்டு எடுக்கப்பட்டது, சரியாக வெட்டப்பட்டதா, கோதுமை சாப்பிட்டீர்களா என்று மூன்றையும் சரிபார்க்க வேண்டும். மூன்றும் சரி, அறிகுறியும் இல்லை என்றால், பெரும்பாலும் வழக்கமான சாப்பாட்டோடு அவ்வப்போது பரிசோதித்துக் கண்காணிப்பார்கள். சிலருக்கு ஆண்டிபாடி தானே மறைந்துவிடும்.

ரத்தம் நெகட்டிவ், குடலுறிஞ்சிகள் தேய்வு: நம் நாட்டில் இதில் மிகுந்த கவனம் வேண்டும். தேய்ந்த குடல் எல்லாம் சீலியாக் கிடையாது. வெப்ப மண்டல நாடுகளில் வரும் டிராபிகல் ஸ்ப்ரூ என்ற நோய் மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய இதே போலத் தெரியும். அது பி12, ஃபோலிக் அமிலச் சத்துகளை வற்றச் செய்யும். டாக்சிசைக்ளின் போன்ற ஆண்டிபயாடிக்கும் ஃபோலிக் அமிலமும் சில மாதம் கொடுத்தால் குணமாகும். அவரைச் சீலியாக் என்று எழுதிவிட்டால், குணமாகக்கூடிய நோயை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் கோதுமையைத் துறந்து திரிவார்.

ஜியார்டியா கிருமி, குடல் காசநோய், க்ரோன் நோய், பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஓல்மிசார்ட்டன் மாத்திரை ஆகியவையும் குடலுறிஞ்சிகளைத் தேய்க்கும். எனவே நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை முழுமையாகக் கொடுங்கள்.

மரபணுப் பரிசோதனைக்கு உண்மையான வேலை இங்கேதான். நோய்க்கு அடிப்படையான எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லாதவருக்குச் சீலியாக் வருவது மிக அரிது. இல்லை என்று வந்தால் அந்தக் கதவை மூடிவிடலாம். இருக்கிறது என்று வந்தால் எதுவும் நிரூபணமாகாது. நம் மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது. மரபணு பாசிட்டிவ் என்ற ஒரே ரிப்போர்ட்டை வைத்துக் குழந்தைக்குச் சப்பாத்தியை நிறுத்தியவர்களைப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

எல்லாமே நெகட்டிவ், ஆனாலும் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது கோதுமை அலர்ஜியாகவோ, சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறனாகவோ, எளிதில் உறிஞ்சப்படாத மாவுச்சத்துத் தொந்தரவாகவோ இருக்கலாம். அது வேறு பாதை.

9. ஏற்கெனவே கோதுமையை நிறுத்தியிருந்தால்

“மேடம், நிறுத்தி ஆறு மாசமாச்சு, பிள்ளை இப்ப நல்லா இருக்கான். மறுபடி எப்படிக் குடுக்கிறது?” இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்காத மாதம் இல்லை.

நிறுத்திச் சில நாட்கள், ஓரிரு வாரம்தான் என்றால் தாமதிக்காமல் ரத்தம் எடுங்கள். ஆண்டிபாடி உடனே மறைவதில்லை, பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். பாசிட்டிவ் வந்தால் லாபம். நெகட்டிவ் வந்தால் அதை முடிவாக எடுக்கக் கூடாது.

நீண்ட நாள் ஆகிவிட்டது என்றால் முதலில் மரபணுப் பரிசோதனை. அது பத்தியத்தால் மாறாது. டிக்யூ2வும் டிக்யூ8ம் இல்லை என்றால் கோதுமையை மீண்டும் கொடுத்துப் பார்க்கும் சிரமம் மிச்சம்.

இருந்தால் குளூட்டன் சேலஞ்ச். மருத்துவர் கண்காணிப்பில், தினமும் 3 கிராமோ அதற்கு மேலோ குளூட்டன். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் 6 முதல் 8 வாரம் வரை நீட்டிப்பது நல்லது. காலம் கூடக் கூட ரிப்போர்ட்டின் நம்பகம் கூடும். அரைச் சப்பாத்தியில் தொடங்கி சில நாட்களில் இரண்டுக்கு வரலாம். தாங்கவே முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், பரிசோதனையை முன்னால் நகர்த்தலாம். நடுவில் நிறுத்தினால் பட்ட கஷ்டமும் வீண்.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், வளரிளம் பருவத்தில் வேகமாக வளர்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதைத் தள்ளிப்போடுவதே வழக்கம். முன்பு கோதுமை பட்டதும் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் வீட்டில் இதை முயலவே கூடாது. அது அலர்ஜியாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்து.

10. உறுதியான பிறகு, முதல் மாதத்தில்

இப்போது கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்கள் மூன்றையும் முழுமையாக நிறுத்துங்கள். பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், லேபிளைப் பாருங்கள். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட இந்தியாவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஓட்டல் தோசைக்கல்லில் பரோட்டாவும் போடுகிறார்களா என்று கேளுங்கள்.

ஒரு ஃபைல் போட்டு டிடிஜி ரிப்போர்ட்டையும், அதன் வரம்பையும், பயாப்சி ரிப்போர்ட்டையும், பிளாக் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் இவை இருந்தால் மறுபடி கோதுமை சாப்பிட்டு நிரூபிக்க வேண்டிய நிலை வராது.

ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பின் அளவு), பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளை இப்போதே எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேனும் தேவைப்படலாம். டிடிஜியை 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதே லேபில் எடுங்கள். லேப் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. எண் இறங்காமல் நின்றால் எங்கோ குளூட்டன் உள்ளே போகிறது என்று பொருள். இயல்புக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், அதனால் மெல்ல இறங்கினாலும் கவலை வேண்டாம்.

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லோருக்கும் டிடிஜியும் மொத்த ஐஜிஏவும் எடுக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காக எல்லோருமே கோதுமையை விட்டுவிடுவது நல்ல மனசுதான், ஆனால் அதை அவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு செய்யுங்கள். இப்போது நெகட்டிவ் வந்த பிள்ளைக்குப் பின்னாளிலும் நோய் வரலாம், எனவே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், இடையில் அறிகுறி தெரிந்தால் உடனேயும் மீண்டும் எடுக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும் காலத்தில் அந்தப் பிள்ளை பள்ளியிலோ வெளியிலோ கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். மரபணு இல்லை என்று தெரிந்த பிள்ளைக்கு மட்டும் இந்தத் தொடர் பரிசோதனை வேண்டியதில்லை.